அழைப்பு நிற்காத குடல்

உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் அந்தப் படத்தை நானும் பார்த்தேன். செல்லின் மேல்சவ்வில், வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் ஓர் ஏற்பி. அதிலிருந்து ஓர் அம்பு, அம்பின் முனையில் ஒரு புரதம், அங்கிருந்து நாலு திசைக்கும் அம்புகள், கடைசியில் செல்லின் கரு. பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள், ஒன்று நினைவில் நின்றால் அடுத்தது நழுவும். நேற்று மதியம் சாப்பிடும்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "இதையெல்லாம் மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போகுது மேடம்? வார்டுல படுத்திருக்கறவங்க வயித்துல அம்பு எதுவும் தெரியலையே."

நியாயமான கேள்விதான். பதிலாக என்னிடம் இருப்பது பூரணம் என்ற பெண்ணுக்கு நடந்தது மட்டும். இந்த மருத்துவமனையில் நான் வேலை பார்த்த வருடங்களில் அதை வெளியாட்களிடம் அதிகம் சொன்னதில்லை. ஓய்வு பெற்றபின் உங்களைப் போன்ற மருத்துவ மாணவர்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பச்சைக் கொழுந்துக்குக் கிடைத்த விலை அதைப் பறிக்கும் கூலிக்கே போதவில்லை. சிறு விவசாயிகள் சிலர் செடியைக் கவாத்து செய்யாமல் அப்படியே விட்டார்கள். ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் சாலையில் வரும்போது, இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் மரமாகிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். எஸ்டேட்டுகளில் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது. தோட்டத்து ஆட்களில் இளைஞர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனார்கள்.

நம் மருத்துவமனைக்குக் கீழே பள்ளத்தாக்கில் ஓர் எஸ்டேட் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே செலவைக் குறைப்பதற்காகத் தண்ணீர் பம்ப்பைப் பார்த்துக்கொண்டவரை நிறுத்திவிட்டார்கள். தொட்டியில் மருந்து போடுவதும் அவரோடு நின்றது. லயத்து மக்கள் மேலே இருந்த ஓடையில் குடம் வைத்துப் பிடித்துக் குடித்தார்கள். மழை முடிந்து பனி தொடங்கும் நேரத்தில், வரிசையாக வீடுகள் இருக்கும் அந்த லயங்களில் வயிற்றுப்போக்கு பரவியது. நிறையப் பேருக்கு ரத்தத்தோடு போயிற்று. நாங்கள் இறங்கிப் போய் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம், மாத்திரை கொடுத்தோம், தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னோம். கொஞ்ச நாளில் எல்லாருக்கும் நின்றுவிட்டது. அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு நாள் காலையில், கொழுந்து ஏற்றும் டிராக்டரில் பூரணத்தைக் கூட்டி வந்தார்கள். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அவளுடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். இங்கே வந்தபின் பிறந்தவள் அவள். கணவன் செல்வராசு அந்த வருடம்தான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். அவளைக் கைத்தாங்கலாக இறக்கியது பக்கத்து வீட்டுத் தேவகி.

"எல்லாருக்கும் நின்னுபோச்சு டாக்டரம்மா, இவளுக்கு மட்டும் நிக்கல" என்றாள் தேவகி. "ரத்தமாப் போகுது. சொன்னா கேக்கவே மாட்டேங்கிறா. காலையில பெரட்டுக்குப் போயி நின்னுக்கிறா."

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம்.

பூரணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "வாரத்துல மூணு நாளைக்குத்தான் பேரு குடுக்குறாங்க. அந்த மூணு நாளும் படுத்துக்கிட்டா என் பேர அடிச்சிருவாங்கம்மா."

கண்ணின் உட்பக்கம் வெளுத்திருந்தது. காய்ச்சல் இருந்தது. நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டால் சுருங்கினாள். நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றும் கேட்டேன்.

"லயத்துல எல்லாருக்கும் வந்துச்சே, அதுக்கு முன்னாடி உனக்கு எப்பவாவது ரத்தம் போயிருக்கா?"

அவள் தேவகியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "போன வருசத்துல இருந்து அப்பப்ப போகும். மூலமுன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேடி" என்றாள் தேவகி.

அந்த ஒரு பதிலில் எனக்கு இரண்டு நோய்கள் தெரிந்தன. இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

இங்கே உங்கள் அம்புகளுக்குக் கொஞ்சம் வருகிறேன். நம் பெருங்குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். அதற்கு ஒரு பக்கத்தில் கோடி கோடியாகக் கிருமிகள், மறுபக்கத்தில் ரத்தம். சாதாரண நாளில் அந்தச் செல்கள் கிருமிகளைக் கண்டுகொள்ளாமல் இருக்கின்றன. ஏதாவது ஒரு கிருமி உள்ளே புகுந்தால்தான் ஏற்பி விழித்துக்கொள்கிறது. செல்லுக்குள் கட்டிவைக்கப்பட்டிருக்கும் ஒரு புரதம் அவிழ்த்துவிடப்படுகிறது. அது கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களைத் திறக்கிறது. உடனே செல் தூது ரசாயனங்களை வெளியே அனுப்பி ஆள் கூப்பிடுகிறது. ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து கிருமியைத் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலில் குடலின் சுவரும் கொஞ்சம் புண்ணாகும். நாம் அழற்சி என்று சொல்வது அதைத்தான். கிருமி ஒழிந்ததும் வேறு சில தூதுகள் வந்து, போதும் என்று அடக்கிவிடும். புண் ஆறிவிடும். லயத்தில் மற்ற எல்லாருக்கும் நடந்தது அதுதான்.

சிலருக்கு அந்த அடக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. எதிரி போனபிறகும் செல்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. வந்தவை சுவரைப் புண்ணாக்குகின்றன, புண் வழியே இன்னும் கிருமி கசிகிறது, அதைக் கண்டு இன்னும் கூப்பிடுகின்றன. பூரணத்துக்கு இது ஒரு வருடமாகவே உள்ளே புகைந்துகொண்டிருந்தது, ஓடைத் தண்ணீர் அதைக் கிளப்பிவிட்டது என்பது என் எண்ணம். அப்படியானால் அழைப்பை நிறுத்த வேண்டும். அன்று எங்களிடம் அதற்கு இருந்தது ஸ்டீராய்டு. அது செல்லுக்குள் புகுந்து அந்த மரபணுக்களை மூடிவிடும்.

ஆனால் ஓடைத் தண்ணீரில் வந்தது அமீபா என்ற கிருமியாக இருந்து, அது அவள் குடலில் இன்னும் உயிரோடு இருந்தால்? அந்த நோயிலும் ரத்தம் போகும், காய்ச்சல் வரும், வயிறு வலிக்கும். அப்போது செல்கள் கூப்பிடுவது நியாயமான கூப்பாடு. அதை நாம் மூடிவிட்டால் அமீபா தடுப்பாரின்றிக் குடலைத் தின்னும்.

இதை எனக்குச் சொல்லித்தர யாரும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எங்கள் அறுவை மருத்துவர் சென்னியப்பன் சொன்னார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், என் வயதுதான். அதிகம் பேசாத மனிதர், அன்று பேசினார்.

"ஏனுங்க டாக்டர், நான் படிக்கறப்ப ஒருத்தர் வந்தாருங்க. லாரிக்காரர். எங்கயோ ஸ்டீராய்டு போட்டு அனுப்பியிருந்தாங்க. வயித்தத் தெறந்தா, குடல் எங்கெங்க தொட்டாலும் கையோட வருது. தைக்கறதுக்கு இடமில்லீங்க. ஊசி குத்துன எடமெல்லாம் கிழியுது. அமீபாங்க. யாரும் பாக்கல. அவரு சம்சாரம் வெளிய நின்னுட்டிருந்துச்சு."

"அப்ப நீங்க குடுக்க வேண்டாங்கறீங்களா?"

"பாக்காமக் குடுக்க வேண்டாங்கறேன்."

ஆகவே பார்த்தோம். இந்தக் குளிரில் அது எளிதான வேலை இல்லை. அமீபாவை உயிரோடு நகரும்போதுதான் உறுதியாக அடையாளம் காண முடியும். குளிர்ந்தால் அது சுருண்டு நின்றுவிடும், வெள்ளை அணுவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அது உறைபனிக் காலம். காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். வார்டிலிருந்து ஆய்வகத்துக்குத் திறந்த தாழ்வாரம் வழியாகப் போக வேண்டும், மாதிரி அங்கே போய்ச் சேர்வதற்குள் சில்லிட்டுவிடும். அங்கிருந்து வரும் 'அமீபா இல்லை' என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. நாங்கள் நுண்ணோக்கியை வார்டுக்கே தூக்கி வந்து, அவள் கட்டிலுக்குப் பக்கத்து அறையில் வைத்தோம். வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய தட்டில் மாதிரியை எடுத்து, கண்ணாடித் துண்டை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, உடனே பார்த்தோம். நான் பார்ப்பேன், ஆய்வகத்தில் வேலை செய்த பெண் பார்ப்பாள், சென்னியப்பனும் வந்து குனிந்து பார்ப்பார். வெள்ளை அணுக்களும் ரத்த அணுக்களும் கண்ணாடி முழுக்க நிரம்பியிருந்தன. நகர்கிற எதையும் யாரும் பார்க்கவில்லை. மறுநாளும் அதே.

குழாய் விட்டு உள்ளேயும் பார்த்தேன். அமீபாவில் புண்கள் தனித்தனியாக இருக்கும், நடுவில் நல்ல சவ்வு இருக்கும். பூரணத்துக்கு ஆசனவாயிலிருந்து தொடங்கி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை விடாமல் ஒரே சிவப்பு, தொட்டால் கசியும் ரணம். துணுக்குகள் எடுத்துப் பால் வண்டியில் கோவைக்கு அனுப்பினோம். அங்கிருந்து முடிவு வர நாளாகும்.

அவளுக்கு அத்தனை நாள் இல்லை. அமீபாவுக்கான மருந்தை வந்த அன்றே நரம்பு வழியாகத் தொடங்கியிருந்தோம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் இளைத்துக்கொண்டு போனாள். வயிறு உப்ப ஆரம்பித்தது. எக்ஸ்-ரேயில் பெருங்குடல் விரிந்திருந்தது. விரிந்துகொண்டே போனால் வெடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கீழே அனுப்பலாம் என்றால் சாலை இல்லை. கொழுந்துக்கு விலை கேட்டு விவசாயிகள் மலை முழுக்க மறியல் செய்துகொண்டிருந்த வாரம் அது. மேட்டுப்பாளையம் இறங்கும் இரண்டு பாதைகளிலும் பால் வண்டி தவிர எதுவும் ஓடவில்லை. வழிவிட்டாலும், உப்பிய வயிற்றோடு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் அவளை உருட்டிக்கொண்டு போக எங்களுக்குத் துணிவில்லை.

மதியம் சென்னியப்பனும் நானும் அவருடைய அறையில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன், "அமீபா மருந்தை நிறுத்த வேண்டாம். அது ஓடட்டும். அதோட ஸ்டீராய்டு தொடங்கறேன். ஒரு வருசமா ரத்தம் போயிருக்கு, உள்ள பார்த்ததும் அதையே சொல்லுது. இன்னும் காத்திருந்தா குடல் நம்மளக் கேக்காது."

அவர், "சரிங்க, குடுங்க" என்றார். "ஆனா எப்ப நிறுத்தறதுன்னு இப்பவே சொல்லிப்போடுங்க."

"அத இப்பவே எப்படிச் சொல்றது? எப்படிப் போகுதுன்னு பார்த்துத்தானே சொல்ல முடியும்?"

"இல்லீங்க. இப்பத்தானுங்க சொல்ல முடியும். மூணு நாள் அந்தப் பொண்ணு கட்டில்கிட்டயே உக்காந்திருந்தீங்கன்னா அப்புறம் உங்களாலயும் முடியாது. என்னாலயும் முடியாதுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் நோயாளி விஷயத்தில் எனக்குக் கெடு வைக்கிறாரே என்று. ஆனால் அவர் என் கண்ணைப் பார்த்துக் காத்திருந்தார். கடைசியில் பேசி முடிவு செய்தோம். மூன்றாம் நாள் காலை வரை. அதற்குள் அவள் வெளியே போகும் தடவை பாதிக்கு மேல் குறைய வேண்டும், குடல் இன்னும் விரியக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் அறுவை. காய்ச்சலைக் கணக்கில் எடுப்பதில்லை, அவள் எப்படி இருப்பதாகச் சொல்கிறாள் என்பதையும் எடுப்பதில்லை என்றார் சென்னியப்பன். ஏன் என்று கேட்டேன். "நீங்க குடுக்கற மருந்து அது ரெண்டையும் நல்லாக் காட்டிருமுங்க" என்றார்.

மூன்றாம் நாள் கெடுவையும் இரண்டு வழிகளையும் பூரணத்திடம் போய்ச் சொன்னோம். மருந்து பலித்தால் குடல் தப்பும். பலிக்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றில் வெளியே கொண்டுவந்து பை மாட்ட வேண்டும்.

"எத்தன நாளைக்குப் பை?" என்று கேட்டாள்.

"இங்க நாங்க செய்யறதுல எப்பவும்தான்."

"பையக் கட்டிக்கிட்டு மலையில ஏறிக் கொழுந்து எடுக்க முடியுமாம்மா? இடுப்புல படங்கு கட்டணும். இறுக்கிக் கட்டலேன்னா வாது குத்தும்."

படங்கு, கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த துணி; வாது, தேயிலைச் செடியின் கிளை. முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப மருந்தே குடுங்க" என்றாள்.

மறுநாள் செல்வராசு வந்து சேர்ந்தார். மேட்டுப்பாளையத்திலேயே பேருந்தை நிறுத்திவிட்டார்களாம். கொஞ்சம் நடை, கொஞ்சம் பால் வண்டி. சட்டையில் நூல் துகள் ஒட்டியிருந்தது. கம்பெனியிலிருந்து நேரே கிளம்பியிருக்கிறார். அவரைப் பார்த்ததும் பூரணம் எழுந்து உட்கார முயன்றாள். அன்று காய்ச்சல் இறங்கியிருந்தது. கஞ்சி குடித்தாள். இரண்டாம் நாள் வலியும் குறைந்தது, தேவகியிடம் சீப்பு கேட்டுத் தலை வாரிக்கொண்டாள். செல்வராசு தாழ்வாரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, "பொழச்சுக்குவாளா டாக்டரம்மா? முகம் தெளிஞ்சிருச்சுல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை.

மூன்றாம் நாள் காலை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். காய்ச்சல் இல்லை. நாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. வயிற்றைத் தொட்டேன், சுருங்கவில்லை. வெளியே போவது குறைந்திருந்தது, ஆனால் பாதிக்கு வரவில்லை. எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குடல் ஒரு விரல் அகலம் கூடியிருந்தது போலத் தெரிந்தது. சரியாகப் படம் பிடிக்காததால் அப்படித் தெரியலாம். நான் இன்னொரு முறை பார்த்தேன். வேறு கோணத்தில் பார்த்தேன்.

அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மனதிலும் இது ஒரு நாள் ஓடும். இன்னும் ஒரே ஒரு நாள். குறையத்தானே செய்கிறது. முகத்தைப் பார், கஞ்சி குடிக்கிறாள், தலை வாருகிறாள். கெடு வைத்தது நாம்தானே, ஒரு நாள் தள்ளினால் யார் கேட்கப்போகிறார்கள்.

சென்னியப்பன் அறைவாசலில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. வற்புறுத்தியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவர் சும்மா நின்றதால் நானே யோசிக்க வேண்டியதாயிற்று.

யோசித்தது இதுதான். நான் கொடுத்த மருந்து செல்களின் அழைப்பை அடக்குகிறது. அந்த அழைப்பு குடலில் மட்டும் கேட்பதில்லை. காய்ச்சல் வருவது அதே தூதுகளால், வலி கூடுவதும் அவற்றால்தான். ஆகவே மருந்து உள்ளே போனதும் காய்ச்சல் இறங்கும், வலி அடங்கும், முகம் தெளியும், பசி எடுக்கும். குடல் ஆறினாலும் இப்படித்தான் இருக்கும். குடல் ஆறாமல் மெலிந்து கிழியப்போகிற நேரத்திலும் இப்படித்தான் இருக்கும். இந்தச் சிரிப்பு அவளுடையதா, மருந்துடையதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மருந்து தொட முடியாத அடையாளங்கள் இரண்டு. அந்த இரண்டையும்தான் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்.

"தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

பூரணத்திடம் சொன்னது நான்தான். அவள் நம்பவில்லை. "எனக்கு நல்லாயிருச்சும்மா. நேத்திக்கு இன்னிக்கு எவ்வளவோ தேவல. ஏன் வெட்டணுங்கிறீங்க?" என்று அழுதாள். செல்வராசு கோபப்பட்டார். நேற்றுவரை என்னைக் கும்பிட்டவர், "நல்லா ஆயிட்டு வர்றவள எதுக்கும்மா கெடுக்குறீங்க?" என்று கத்தினார். நான் எக்ஸ்-ரேக்களை ஜன்னலில் ஒட்டி, முதல் நாள் படத்தையும் அன்றைய படத்தையும் காட்டினேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. கடைசியில் பூரணமே கேட்டாள்:

"மொதல்லயே சொன்னீங்களே, மூணாம் நாளுன்னு. அதானா இது?"

"அதுதான்."

"அன்னிக்கு எனக்கு இவ்வளவு நல்லா இருக்குமுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். மருந்து அப்படிக் காட்டும்னு தெரிஞ்சுதான் அன்னிக்கே பேசி வச்சோம்."

அவள் கணவனின் கையைப் பிடித்து, "விடுங்க. அவங்க நடுவுல மாத்தல" என்றாள்.

ரத்தம் வேண்டியிருந்தது. ஊட்டி ரத்த வங்கியில் பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கேட்பார்கள். எங்கள் ஜீப்பில் செல்வராசுவை ஏற்றிக்கொண்டு நானே கிளம்பினேன். பாதி வழியில் மறியல். சாலை நடுவில் பச்சைக் கொழுந்தை மலைபோலக் கொட்டி, அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஊர்ப் படுகர்கள், ஆண்களும் பெண்களுமாக, வெள்ளைத் துணி போர்த்தி. நான் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர்களுக்குள் படுக மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்து தமிழில் கேட்டார், "எஸ்டேட் ஆளுங்களா?"

"ஆமாங்க."

தோட்டத்து மக்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் அந்த நாட்களில் அப்படியொன்றும் ஒட்டுறவு கிடையாது. என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"எத்தன பேரு ரத்தம் வேணுங்க?" என்றார்.

மூன்று பேர் ஜீப்பில் ஏறினார்கள். மற்றவர்கள் காலால் கொழுந்தை ஒதுக்கி வழி விட்டார்கள். திரும்பி வரும்போது ரத்தமும் இருந்தது, ஊட்டியிலிருந்து மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் இருந்தார். அந்த மூவரையும் அதே இடத்தில் இறக்கிவிட்டோம். அவர்கள் போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

வயிற்றைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். குடல் இன்னும் கிழியவில்லை. சென்னியப்பன் அதை இரண்டு கைகளிலும் ஏந்தி, மிக மெதுவாக வெளியே எடுத்தார். தட்டில் வைத்தபோது, தன் பாரத்திலேயே ஓரிடத்தில் கிழிந்தது. நனைந்த காகிதம் கிழிவதுபோல, சத்தமில்லாமல். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

கோவையிலிருந்து முடிவு வந்தபோது பூரணம் உட்கார ஆரம்பித்திருந்தாள். அமீபா இல்லை. அடங்காத அழற்சி, நான் நினைத்த நோயேதான். தாளைச் சென்னியப்பனிடம் நீட்டினேன்.

"நீங்க சொன்னதுதானுங்க சரி" என்றார்.

"நாள் விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி."

அவர் சிரித்தார். "ரெண்டு பேரும் சரியா இருந்தும் அந்தப் பொண்ணு போயிருக்குமுங்க, இன்னொரு நாள் தள்ளியிருந்தா."

உங்களிடம் இன்று அந்தத் தூதுகளில் ஒன்றை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும் ஊசிகள் இருக்கின்றன. பூரணம் இன்று வந்திருந்தால் ஒருவேளை குடலைக் காப்பாற்றியிருக்கலாம். அந்த மருந்துகளைப் பயன்படுத்த உங்களுக்கு அம்புகள் தெரிந்தே ஆகவேண்டும், எந்த அம்பை வெட்டினால் எது மௌனமாகும் என்று. ஆனால் எந்தப் புது ஊசியும் இந்தச் சிக்கலிலிருந்து உங்களை விடுவிக்காது. அழைப்பை அடக்கும் எந்த மருந்தும், நோயாளி உங்களிடம் முறையிடும் குரலையும் கூடவே கொஞ்சம் அடக்கும். கொடுக்கும் முன்பே, எதைப் பார்த்தால் மனதை மாற்றிக்கொள்வீர்கள் என்று இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நோயாளியிடமும் சொல்லுங்கள். எனக்குக் கடைசியில் துணையாக நின்றது, அவளிடமும் முன்பே சொல்லியிருந்தோம் என்பதுதான்.

பூரணம் நன்றி சொல்லிச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள் என்று நினைத்துவிடாதீர்கள். பல வாரங்கள் அவள் தன் வயிற்றைக் குனிந்து பார்க்கவேயில்லை. பையை மாற்ற முதலில் கற்றுக்கொண்டது செல்வராசு. என்னிடம் கத்தியவர், ஒரு நர்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து, அளவு பார்த்து வட்டமாக வெட்டவும் தோலைத் துடைத்துக் காயவைக்கவும் பழகினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாள். என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். இடுப்பில் படங்கு கட்ட முடியவில்லை. எஸ்டேட்டில் வேறு லேசான வேலை கேட்டுப் பார்த்தார்கள், ஆட்குறைப்பு நேரத்தில் யாருக்கு அது கிடைக்கும்? அடுத்த வருடம் எஸ்டேட்டின் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அவளும் திருப்பூருக்குப் போனாள். உட்கார்ந்த இடத்தில் பனியனில் பிசிறு வெட்டும் வேலை. வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு மேலே வருவாள். தேவகி வீட்டில் தங்குவாள்.

அப்படி வந்திருந்த ஒரு காலையில், பந்தலூர்ப் பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். அதே நோய், அதே நிலை. அறுவை என்றதும் துணியை இழுத்து முகம் வரை போர்த்திக்கொண்டார். நான் பேசினேன், சென்னியப்பன் பேசினார், அவருடைய அண்ணன் அழுதார். பதில் இல்லை. நான் வெளியே வந்தபோது, பரிசோதனைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூரணம் என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். பின்னாலேயே நானும் போனேன். "நீங்க செத்த வெளிய இருங்க டாக்டரம்மா" என்று கதவைச் சாத்தினாள்.

உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கதவு திறந்தபோது அந்தப் பையன் உட்கார்ந்திருந்தார். "எப்ப செய்வீங்க?" என்று என்னைக் கேட்டார்.

தாழ்வாரத்தில் புடவையைச் சரிசெய்துகொண்டே வந்த பூரணத்திடம், "என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. காட்டுனேன். தொட்டுப் பாருங்கன்னேன். அப்புறம் அவருதான் கேட்டாரு, இத வச்சுக்கிட்டு ஜீப்பு ஓட்ட முடியுமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்னேன். ஓட்டிப் பாத்துட்டு எனக்கு வந்து சொல்லுங்க, அடுத்த ஆளு கேட்டா சொல்லணுமில்லன்னேன்."

அவர் ஓட்டினார். அதைச் சொல்வதற்காகவே ஒரு நாள் பந்தலூரிலிருந்து ஏறி வந்தார். பூரணம் அப்போது இங்கே இல்லை. திருப்பூர் முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.